பார்மேனியன் குடும்பமும் மாசிடோனியப் படையும்: சேனை ராஜாவுடையதா, பிரபுக்களுடையதா?

#1 கூடல்வாசகன்

அலெக்சாண்டர் பாரசீகரை வென்ற கவ்கமேலா போரின் (கி.மு. 331) அணிவகுப்பைத் தாளில் வரைந்து பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. இடப்பக்கம் முழுக்க மூத்த தளபதி பார்மேனியன் பொறுப்பு. வலப்பக்கத்தில் அலெக்சாண்டரோடு பாய வேண்டிய 'தோழர்' குதிரைப்படைக்குத் தலைவன், பார்மேனியனின் மகன் பிலோட்டாஸ். அந்தக் குதிரைகளுக்கும் நடுவில் நிற்கிற நீள ஈட்டிக்காரர்களுக்கும் இடையில் ஹிப்பாஸ்பிஸ்டுகள் என்ற தேர்ந்த காலாட்படை. அவர்களுக்குத் தலைவன் இன்னொரு மகன் நிக்கானோர். அவனை ஒட்டி முதலாவதாக நிற்கும் காலாட் பிரிவு கோய்னஸுடையது. கோய்னஸ் யார் என்று பார்த்தால், பார்மேனியனின் மகளைக் கட்டியவன்!

அந்த ஒரு வீட்டார் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அலெக்சாண்டர் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வருஷம் முடிவதற்குள் அந்த வீடே காலி. நிக்கானோர் நோயில் போனான். பிலோட்டாஸ் துரோகி என்று கொல்லப்பட்டான். எழுபது வயதுப் பார்மேனியனை எக்பட்டானாவில் (இன்றைய ஈரானில் உள்ள ஊர்) குத்திக் கொன்றார்கள். ஹெக்டர் என்று இன்னொரு மகன், அவன் அதற்கு முன்பே எகிப்தில் நைல் நதியில் மூழ்கிச் செத்திருந்தான்.

ஒரே குடும்பத்திடம் இவ்வளவையும் ஏன் கொடுத்தார்கள்? கொடுத்ததை எப்படி இவ்வளவு சுலபமாகப் பிடுங்க முடிந்தது? படை ஏன் பொங்கி எழவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சாரிஸாக்காரன்

நண்பரே, பார்மேனியனில் ஆரம்பித்தால் பாதிதான் புரியும். அலெக்சாண்டரின் அப்பா பிலிப்பிலிருந்து வர வேண்டும்.

கி.மு. 359இல் பிலிப்பின் அண்ணன் மூன்றாம் பெர்டிக்கஸ் இல்லிரியர்களோடு மோதி, 4,000 வீரர்களோடு களத்திலேயே செத்தார். நாடு பிலிப்பின் கைக்கு வரும்போது அது ஒரு நாடாகவே இல்லை. கடலோரச் சமவெளியும் பெல்லா நகரமும்தான் அவருடைய பிடியில். மேற்கே மலைநாடு. அங்கே லின்கெஸ்டிஸ், ஒரெஸ்டிஸ், எலிமேயா, டிம்ஃபேயா என்று ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு பழைய ஆளும் வம்சம். பெயருக்கு மாசிடோனியர்கள், ஆனால் அவரவருக்கு அவரவர் சொந்த ராஜாங்கம். பல சமயம் பெல்லாவுக்கு எதிராக இல்லிரியர்களோடு கைகோத்தவர்களும் இவர்களே.

பிலிப் இவர்களை ஒழிக்கவில்லை. அரண்மனைக்குக் கூட்டி வந்தார், பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்தார், புதிதாகப் பிடித்த நிலங்களைப் பங்கு போட்டுக் கொடுத்தார். எலிமேயா வீட்டுப் பெண் ஃபிலாவைக் கல்யாணமும் செய்துகொண்டார். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் தியோபாம்பஸ் வயிற்றெரிச்சலோடு ஒரு கணக்குச் சொல்கிறார்: பிலிப்பின் தோழர்கள் 800 பேர்தான், ஆனால் கிரேக்கர்களில் பெரும் நிலக்காரர்கள் 10,000 பேர் அனுபவிக்கும் நிலத்துக்குக் குறையாமல் அவர்களிடம் இருந்தது என்று. தியோபாம்பஸுக்குக் கொஞ்சம் மிகைப்படுத்தும் வாய். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது சின்னச் சொத்து இல்லை.

அப்புறம் முக்கியமானது: அவரவர் ஊர் ஆட்களை அவரவரே போருக்கு நடத்தி வரலாம். கவ்கமேலாவிலேயே பாருங்கள், பழைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் பட்டியல் தருகிறார். எலிமேயா ஆட்களுக்குக் கோய்னஸ். ஒரெஸ்டிஸ், லின்கெஸ்டிஸ் ஆட்களுக்குப் பெர்டிக்கஸ் (இவன் வேறு, ஒரெஸ்டிஸ்காரன்). டிம்ஃபேயா ஆட்களுக்குப் பொலிபெர்கான், அவனும் அந்த ஊர்க்காரனே. ஒவ்வொரு பிரிவும் ஏறத்தாழ 1,500 பேர். போர்க்களத்தில் முன்னால் நிற்பவன் சம்பளத்துக்கு வந்த தளபதி இல்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தெரிந்த வீட்டுப் பிள்ளை.

#3 புதுப்பேனா

சாரிஸாக்காரன் அண்ணே, சொந்த ஊர்ப்படையை அவனவன் கையிலேயே கொடுத்தால் ஒருநாள் ராஜாவுக்கு எதிராகத் திருப்பிவிட மாட்டானா? பிலிப் அவ்வளவு வெகுளியா?

#4 அல்லிராணி

வெகுளியா? பிலிப்பா? தம்பி, அவர் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

'அரசப் பிள்ளைகள்' என்று ஓர் ஏற்பாடு. பிரபுக்கள் வீட்டுப் பையன்கள் மீசை முளைக்கிற வயதில் அரண்மனைக்கு வந்துவிட வேண்டும். ராஜா வேட்டைக்குப் போனால் கூடப் போவது, குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தி ஏற்றிவிடுவது, சாப்பாட்டில் பக்கத்தில் நிற்பது, இரவில் முறை வைத்துப் படுக்கையறைக்குக் காவல். அவர்களைச் சாட்டையால் அடிக்கும் உரிமை ராஜாவுக்கு மட்டுமே. வருங்காலத் தளபதிகளுக்குப் பயிற்சிப் பள்ளி என்று இதைப் புகழ்ந்து எழுதுவார்கள். பள்ளிதான், மறுக்கவில்லை. ஆனால் மலைநாட்டில் இருக்கும் அப்பாவுக்கு, தன் மகன் ராஜாவின் கைக்கெட்டும் தூரத்தில் தூங்குகிறான் என்பது ஒவ்வொரு இரவும் ஞாபகம் இருக்கும். கி.மு. 331இல் ஊரிலிருந்து புதுப் படை வந்தபோது அதோடு சேர்த்து 50 பிரபுக்கள் வீட்டுப் பையன்களும் வந்து இறங்கினார்கள். ஆசியாவின் நடுவில் நிற்கும்போதும் அலெக்சாண்டர் அந்த ஏற்பாட்டை விடவில்லை.

ஆனால் அது இருபக்கமும் வெட்டும். கி.மு. 327, பாக்ட்ரியா (இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதி). வேட்டையில் ஒரு காட்டுப்பன்றி அலெக்சாண்டரை நோக்கி ஓடிவருகிறது. ராஜா வேல் எறிவதற்குள் ஹெர்மோலாஸ் என்ற பையன் முந்திக்கொண்டு அதைக் குத்திவிடுகிறான். மாசிடோனியாவில் பன்றி குத்துவது சாதாரண விஷயம் இல்லை. வலை இல்லாமல் பன்றி குத்தாதவன் விருந்தில் சாய்ந்து உட்காரக் கூடாது. ஐரோப்பாவில் ராஜாவின் பிரதிநிதியாக இருந்த ஆன்டிபேட்டரின் மகன் கசாண்டர் 35 வயது வரை அப்பா பக்கத்தில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டான் என்று ஒரு குறிப்பு உண்டு. அப்படி இருக்க, ராஜாவின் பன்றியைத் தட்டிக்கொண்டு போனால்? மற்ற பையன்கள் முன்னால் ஹெர்மோலாஸுக்குச் சாட்டையடி, குதிரையும் பறிமுதல்.

அவன் இன்னும் சில பையன்களைச் சேர்த்துக்கொண்டு, தங்கள் கூட்டாளி ஒருவனின் காவல் முறை வரும் இரவில் தூங்கும் ராஜாவைக் கொல்லத் திட்டம் போட்டான். அன்றைக்குப் பார்த்து அலெக்சாண்டர் விடியும்வரை குடித்துக்கொண்டிருந்தார்! கூடவே திரிந்த சிரியாக்காரக் குறிசொல்லி ஒருத்தி, போய்க் குடி என்று திருப்பி அனுப்பியதாகக் கதை. மறுநாள் விஷயம் ஒருவன் வாய் மாறி இன்னொருவன் வாய் வழியாக ராஜாவின் மெய்க்காவலன் டாலமி காதுக்குப் போனது. எல்லாரையும் கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

ஹெர்மோலாஸின் அப்பா சோபோலிஸ், தோழர் குதிரைப்படையில் ஓர் அணிக்குத் தலைவன். அந்தச் சமயம் அவன் புதுப் படை திரட்ட ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தான். மகனைக் கொன்ற ராஜாவுக்காக ஆள் சேர்த்துக்கொண்டு இருந்தான் என்று வாசிக்கும்போது எனக்கு என்னவோ செய்யும்.

#5 கூடல்வாசகன்

அருமை அக்கா. பையன்கள் விவகாரம் புரிகிறது. ஆனால் பிலோட்டாஸ் பையன் இல்லையே, படையின் மிகப் பெரிய பதவிகளில் ஒன்றில் இருந்தவன். அவன் நிஜமாகவே சதி செய்தானா?

#6 நடுநிசி_நூலகன்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 330, ட்ராங்கியானா நாட்டில் ஃபிராடா என்ற ஊர், இன்றைய ஆப்கானிஸ்தானின் மேற்குப் பகுதி. டிம்னஸ் என்ற ஒரு சில்லறை ஆள் ராஜாவைக் கொல்லச் சதி செய்வதாக கெபாலினஸ் என்பவனுக்குத் தெரியவருகிறது. அவன் ராஜாவின் கூடாரத்துக்கு வெளியே நின்று, உள்ளே போய்வரும் பிலோட்டாஸைப் பிடித்துச் சொல்கிறான். பிலோட்டாஸ் தினமும் ராஜாவைப் பார்க்கிறவன். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் கெபாலினஸ் கேட்கிறான். சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்று பதில். கெபாலினஸ் வெறுத்துப்போய் வேறு வழியாக ராஜாவுக்கே தெரிவித்துவிட்டான். பிலோட்டாஸ்மீது நிரூபணமான குற்றம் இவ்வளவுதான்: கேட்டதைச் சொல்லவில்லை. அவன் சொன்ன காரணம், சொன்னவன் யாரோ ஒரு பொடியன், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களில் ஒரு சாரார் இது முழுக்க முழுக்க ராஜா விரித்த வலை என்கிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. வலை விரித்ததற்குத் தடயம் இல்லை. கிடைத்த வாய்ப்பை விடவில்லை, அவ்வளவே. பிலோட்டாஸுக்கு வாய்க்கொழுப்பும் உண்டு. வெற்றியெல்லாம் எங்கள் அப்பாவாலும் என்னாலும், பேர் மட்டும் அந்தப் பையனுக்கு என்று குடிபோதையில் அந்திகோனே என்ற தன் ஆசைநாயகியிடம் உளறினான். அதை அவளிடமிருந்து கறந்து ராஜாவிடம் சேர்த்தது கிரேட்டரஸ். அவள் வெகுகாலம் உளவு சொல்லிக்கொண்டிருந்தாள் என்கிறார் பழைய எழுத்தாளர் புளூட்டார்க். கிரேட்டரஸ் ஒரெஸ்டிஸ் நாட்டுப் பெரிய வீட்டுக்காரன், பார்மேனியனுக்கு அடுத்த இடத்துக்கு வரிசையில் நின்றவன். இதையும் சேர்த்துப் படியுங்கள்.

விசாரணை படை முன்னால் நடந்தது. உயிர்த் தண்டனை என்றால் ராஜா தனியாக முடிவு செய்யாமல் கூடியிருக்கும் படையின் முன் வைப்பது வழக்கம். ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் சொல்வதைக் கேளுங்கள்: பிலோட்டாஸை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கிப் பேசியவன் கோய்னஸ். சொந்த மைத்துனன்! பேசி முடித்துக் காலடியில் கிடந்த கல்லையும் கையில் எடுத்துக்கொண்டான். அலெக்சாண்டரே கையைப் பிடித்துத் தடுத்து, முதலில் அவன் பேசட்டும் என்றார். பிறகு, சித்திரவதை செய்து உண்மையை வரவழைக்க வேண்டும் என்று வற்புறுத்திய மூவர் ராஜாவின் உயிர்த்தோழன் ஹெபஸ்தியன், கிரேட்டரஸ், கோய்னஸ்.

பிலோட்டாஸ் செத்ததும் அடுத்த பிரச்சினை அப்பா. பார்மேனியன் எக்பட்டானாவில், பின்னால் உள்ள படைகளோடும் பொக்கிஷத்தோடும் இருக்கிறார். மகன் செத்த செய்தி முதலில் போய்ச் சேர்ந்தால் கதை கந்தல். எனவே பார்மேனியனுக்கு வேண்டப்பட்ட பொலிடமாஸ் என்பவனைக் கூப்பிட்டு, அவன் தம்பிகளைப் பிணையாக வைத்துக்கொண்டு, பந்தய ஒட்டகத்தில் பாலைவனத்தின் குறுக்கே அனுப்பினார்கள். 30, 40 நாள் ஆகும் வழியை 11 நாளில் கடந்தான்.

பார்மேனியன் தோப்பில் அதிகாரிகள் சூழ உலாவிக்கொண்டிருந்தார். பொலிடமாஸ் முகமெல்லாம் மகிழ்ச்சி காட்டி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான். பார்மேனியன் ராஜாவின் கடிதத்தைப் படித்தார். அடுத்தது பிலோட்டாஸின் முத்திரை போட்ட கடிதம். மகன் எழுதியது என்று முகம் மலர்ந்து பிரித்துப் படிக்கும்போது க்ளியாண்டர் விலாவில் குத்தினான், அப்புறம் தொண்டையில். விஷயம் தெரிந்து வீரர்கள் கொதித்து எழுந்து, உடலையாவது கொடு என்று நின்றார்கள். தலையை வெட்டி ராஜாவுக்கு அனுப்பிவிட்டு, முண்டத்தை மட்டும் புதைக்க விட்டான் க்ளியாண்டர்.

அந்தக் க்ளியாண்டர் யார் தெரியுமா? பொலெமோகிரேட்டஸ் மகன். கோய்னஸின் அண்ணன் தம்பி முறை இல்லை, கூடப்பிறந்தவனே.

#7 சாரிஸாக்காரன்

நூலகன் எழுதியதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. அது இல்லாமல் கோய்னஸ் வெறும் கயவனாகத் தெரிவான்.

பிலிப் கொலையுண்ட கி.மு. 336இல் பார்மேனியனும் அட்டாலஸும் 10,000 பேர் கொண்ட முன்படையோடு ஆசியாவில் இருந்தார்கள். அட்டாலஸ் பிலிப்பின் கடைசி மனைவி கிளியோபாட்ராவின் வீட்டுப் பெரியவன். கல்யாண விருந்தில், இனியாவது நாட்டுக்கு முறையான வாரிசு பிறக்கட்டும் என்று எழுந்து சொல்லி, அலெக்சாண்டரிடம் கோப்பையால் அடிவாங்கியவன். பிலிப் போனதும் அலெக்சாண்டர் அவனை விடுவாரா? ஆள் அனுப்பித் தீர்த்துக்கட்டினார். பக்கத்திலேயே படையோடு இருந்த பார்மேனியன் சம்மதிக்காமல் அது நடந்திருக்காது. கர்ட்டியஸ் இன்னும் நேராகவே சொல்கிறார்: அட்டாலஸைத் தீர்க்க ராஜா நம்பியது பார்மேனியனைத்தான்.

அந்த அட்டாலஸும் பார்மேனியனின் மருமகன்.

இப்போது கூடல்வாசகனின் முதல் கேள்வியைத் திரும்பப் பாருங்கள். ஒரு மருமகனைக் கைவிட்டதற்குக் கிடைத்த விலை, கவ்கமேலாவில் நீங்கள் தாளில் வரைந்த அந்த வரிசை. அலெக்சாண்டருக்கு அப்போது 20 வயது, அரியணை ஆடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் ஆன்டிபேட்டர், ஆசியாவில் பார்மேனியன், இரண்டு பெரியவர்களும் கைதூக்கிவிட்டார்கள். கூலி கொடுத்தாக வேண்டும். ஆறு வருஷம் கழித்து, மாமனார் அன்றைக்குச் செய்ததை மருமகன் கோய்னஸ் மாமனாருக்கே செய்தான். அட்டாலஸின் விதவையையே கோய்னஸ் மணந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

படை ஏன் எழவில்லை என்று கேட்டீர்கள். எந்தப் படை? எலிமேயா ஆட்கள் கோய்னஸ் பக்கம் பார்ப்பார்கள், ஒரெஸ்டிஸ் ஆட்கள் பெர்டிக்கஸ் பக்கம். பார்மேனியனுக்கென்று உருகியது எக்பட்டானாவில் அவரோடு இருந்தவர்கள்தான்.

#8 கொல்லன்மகன்

எல்லாரும் பிரபு வீட்டுக் கதையாகவே பேசுகிறீர்கள். இந்தப் படை கீழ்மட்டத்தில் ஓடியது யாரால்? பதினாறு பேர் கொண்ட ஒரு வரிசையை எடுங்கள். முன்னால் நிற்பவன் வரிசைத் தலைவன், அவனைப் 'பத்துப்பேர்த் தலைவன்' என்றே கூப்பிட்டார்கள், பழைய காலத்து எண்ணிக்கை பெயரில் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அடுத்தவன் இரட்டைச் சம்பளக்காரன். அப்புறம் 'பத்து ஸ்டேட்டர்' (ஸ்டேட்டர் ஒரு நாணயம்) ஆள், சாதாரண வீரனைவிடக் கூடுதல், இரட்டைச் சம்பளக்காரனைவிடக் குறைவு. வரிசையின் கடைசியிலும் அதே மாதிரி ஒருவன், யாரும் பின்வாங்காமல் பார்த்துக்கொள்ள. பதினைந்து, பதினெட்டு அடி ஈட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த வரிசைகள் கலையாமல் திரும்புகிறதென்றால் அது இந்த ஆட்களின் வேலை. கோய்னஸின் தாத்தா பெயர் அங்கே உதவாது.

இரண்டாவது, கி.மு. 331 கடைசியில் அலெக்சாண்டர் நடத்திய வீரப் போட்டி. நடுவர்கள் வைத்து, யார் போரில் என்ன செய்தார்கள் என்று விசாரித்து, ஜெயித்தவர்களுக்கு ஆளுக்கு 1,000 பேர் கொண்ட பிரிவு கொடுத்தார். அதுவரை 500தான். முதலிடம் அதாரியாஸ் என்ற கிழட்டு வீரனுக்கு. ஹாலிகார்னாசஸ் முற்றுகையில் இளசுகள் பின்வாங்கியபோது சண்டையைத் தூக்கி நிறுத்தியவன். இரண்டாமிடம் ஆன்டிஜெனஸ். அப்பா யார், எந்த ஊர் என்று யாரும் பெரிதாக எழுதிவைக்காத ஆட்கள்.

அதே சமயம் குதிரைப்படையிலும் கை வைத்தார். ஒவ்வோர் அணியையும் இரண்டாக உடைத்தார். ஊர்வாரியாக ஆள் சேர்ப்பதையும் சொந்த ஊர்க்காரனே தலைவனாக வர வேண்டும் என்பதையும் தளர்த்தினார். பார்மேனியன் சாவதற்கு ஒரு வருஷம் முன்பே பிரபுக்களின் வேரை அறுக்க ஆரம்பித்துவிட்டார் என்பது என் கட்சி.

#9 நெறியாளர்

அலெக்சாண்டர் திரைப்படங்கள் பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கொம்பு வைத்த தலைக்கவசம் பற்றிய சண்டையை அங்கே தொடரவும்.

#10 அல்லிராணி

கொல்லன்மகன் சொல்வதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். வேர் அறுபட்டது என்பதற்கு மாட்டேன்.

ஆயிரம் பேர்த் தலைவர்கள் வரை தகுதி பார்த்தார், சரி. அதற்கு மேலே? பிலோட்டாஸ் போனதும் தோழர் குதிரைப்படையை ஹெபஸ்தியனுக்கும் கருப்பு கிளைட்டஸுக்கும் பிரித்துக் கொடுத்தார். எவ்வளவு நெருங்கியவனானாலும் ஒருவன் கையில் மொத்தக் குதிரைப்படையும் இருக்கக் கூடாது என்பது காரணம் என்று பழைய வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். கிளைட்டஸ் யார்? அவன் அக்கா லானிகே, அலெக்சாண்டரை வளர்த்த தாதி. கிரானிக்கஸ் ஆற்றங்கரையில் ராஜாவின் தலைக்கு வந்த வெட்டை, வெட்டியவன் தோளோடு சீவித் தடுத்தவன் இவன். இரண்டே வருஷத்தில் சமர்க்கந்தில் குடித்துவிட்டு நடந்த சண்டையில் ராஜா கையாலேயே செத்தான், அது வேறு கதை. மெய்க்காவலர் ஏழு பேரில் நால்வர் பெல்லா, இருவர் எயோர்டேயா, ஒருவர் ஒரெஸ்டிஸ். ஏழும் பெரிய வீட்டுப் பிள்ளைகள்.

ஆந்த்ரோமெனஸ் மகன்களைப் பாருங்கள். டிம்ஃபேயாக்காரர்கள், அமிண்டாஸ், சிம்மியாஸ், அட்டாலஸ் (முன்னே சொன்ன அட்டாலஸ் வேறு), போலெமோன் என்று நாலு பேர். அமிண்டாஸ் பிலோட்டாஸுக்கு நெருங்கிய கூட்டாளி. பிலோட்டாஸைப் பிடித்ததும் கடைக்குட்டி போலெமோன் பயந்து முகாமைவிட்டு ஓடிப்போனான். ஓடியவனின் அண்ணன்கள் கதி என்ன ஆகும்? அமிண்டாஸ் படை முன்னால் நின்று பேசினான். தான் ஊரில் படை திரட்டப் போனபோது, ராஜமாதா ஒலிம்பியாஸின் மாளிகையில் பதுங்கியிருந்த சில பெரிய வீட்டு இளைஞர்களையும் இழுத்து வந்ததால்தான் அந்த அம்மா தன்மேல் கோள் சொல்லிக் கடிதம் எழுதுகிறாள் என்றான். (படைக்கு டிமிக்கி கொடுக்க ராணி வீட்டில் ஒளிந்துகொள்வது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது!) விடுதலை. போலெமோனையும் போய்க் கூட்டிவந்தான். சீக்கிரமே ஒரு கிராமத்து முற்றுகையில் அம்பு பட்டுச் செத்தான், ஆனால் குடும்பம் தப்பித்தது. தம்பி அட்டாலஸ் அண்ணன் இடத்தில் பிரிவுத் தலைவன் ஆனான். பின்னாளில் பெர்டிக்கஸின் தங்கை அடலாந்தேயைக் கட்டினான்.

லின்கெஸ்டிஸ் வீட்டுக்கு அந்த யோகம் இல்லை. ஏரோபஸின் மூன்று மகன்களில் இருவரை பிலிப் கொலையில் பங்கு என்று அப்போதே கொன்றாகிவிட்டது. மூன்றாமவன் பெயரும் அலெக்சாண்டர்தான். முதல் ஆளாக ஓடிவந்து புது ராஜாவை வணங்கியதால் தப்பினான். தெஸ்ஸாலியக் குதிரைப்படைத் தலைமைகூடக் கிடைத்தது. பாரசீகரோடு தொடர்பு என்று பிறகு அவனையும் கைது செய்தார்கள், கொல்லவில்லை. அவன் ஆன்டிபேட்டரின் மருமகன், அதனால். பிலோட்டாஸ் விசாரணை முடிந்த கையோடு, மூன்று வருஷச் சிறைக்குப்பின் கூட்டத்தின் முன் நிறுத்திப் பேசச் சொன்னபோது நாக்குக் குழறி நின்றான். பக்கத்தில் நின்றவர்கள் ஈட்டியால் குத்திவிட்டார்கள்.

ஒரு குடும்பம் விழுந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு குடும்பம் வந்தது. மரம் அப்படியே இருந்தது, கிளையைத்தான் வெட்டினார்.

#11 புதுப்பேனா

பள்ளியில் போரஸ் கதையோடு அலெக்சாண்டரை முடித்துவிட்டார்கள். கோய்னஸ் கடைசியில் என்ன ஆனான்?

#12 நடுநிசி_நூலகன்

போரஸோடு நடந்த ஜீலம் நதிப் போரிலேயே கோய்னஸுக்குப் பெரிய பங்கு உண்டு, எதிரியின் பின்பக்கம் சுற்றிப் பாய்ந்த குதிரைகள் அவனுடையவை. அதற்குக் கொஞ்சம் பிறகு பியாஸ் நதிக்கரையில், கி.மு. 326, படை இனி நகர மாட்டேன் என்று நின்றபோது, ராஜா முகத்துக்கு நேராக வாய்திறந்தவன் கோய்னஸ். வீரர்கள் வீட்டுக்குப் போக விரும்புகிறார்கள், எங்களோடு கிளம்பியவர்களில் எத்தனை பேர் மிச்சம் பாருங்கள் என்று பேசினான். வீரர்கள் அழுதார்கள். ராஜா மூன்று நாள் கூடாரத்தைவிட்டு வெளியே வரவில்லை, பிறகு திரும்ப ஒப்புக்கொண்டார். சில நாளிலேயே கோய்னஸ் நோயில் செத்தான். விஷம் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. இவ்வளவு கொஞ்ச நாள் வாழ்வதற்கா அவ்வளவு நீளமாகப் பேசினான் என்று அலெக்சாண்டர் சொன்னதாகக் கர்ட்டியஸ் எழுதுகிறார். சகோதரன் க்ளியாண்டரும் நிலைக்கவில்லை. அலெக்சாண்டர் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், கார்மேனியாவில், மக்களைக் கொள்ளையடித்த குற்றத்துக்கு அவனுக்கு மரண தண்டனை. பார்மேனியனைக் கொன்ற ஆள் என்பதால் அன்றைக்கு யாரும் கண்ணீர் விடவில்லை.

அல்லிராணி சொன்ன மரத்துக்கு வருகிறேன். கி.மு. 323இல் பாபிலோனில் ராஜா போனதும் அந்த மரம் எப்படி ஆடியது என்று பாருங்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளும் குதிரைப்படையும் ஒருபக்கம், ராஜாவின் மனைவி ரொக்சானாவுக்குப் பிறக்கப் போகும் பிள்ளைக்காகக் காத்திருப்போம் என்றார்கள். காலாட்கள் மறுபக்கம், பிலிப்பின் இன்னொரு மகன் அர்ரிடேயஸ் உயிரோடு இருக்கும்போது என்ன காத்திருப்பு என்றார்கள். காலாட்கள் பக்கம் நின்ற ஒரே பெரிய தலை மெலியேகர். சமாதானம் பேசி, படையைச் சுத்திகரிக்கும் சடங்கு என்று எல்லாரையும் திறந்தவெளியில் நிறுத்தி, பெர்டிக்கஸ் கலகக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்து யானைக் காலில் போட்டான். 30 பேர் என்கிறார் டியோடோரஸ், 300 என்கிறார் கர்ட்டியஸ். மெலியேகரைக் கோயிலுக்குள் ஒளிந்திருந்த இடத்தில் கொன்றார்கள்.

அப்புறம் கல்யாணச் சந்தை. ஆன்டிபேட்டருக்கு நல்ல வேளையாக மகள்கள் நிறைய. ஃபிலா கிரேட்டரஸுக்கு, யூரிடிகே டாலமிக்கு, நிக்கேயா பெர்டிக்கஸுக்கு. கிரேட்டரஸ் செத்ததும் ஃபிலா ஒற்றைக்கண் தளபதி ஆன்டிகோனஸின் மகன் டெமட்ரியஸுக்கு. பெர்டிக்கஸ் செத்ததும் நிக்கேயா லைசிமாக்கஸுக்கு.

#13 கொல்லன்மகன்

அந்தப் பெர்டிக்கஸைக் கொன்றது யார் என்றும் எழுதுங்கள் நூலகன். எகிப்தில் நைல் நதியைக் கடக்கப் போய் 2,000 பேரைக் காவுகொடுத்தான், பாதிப்பேர் முதலைக்கு இரை. இரவில் கூடாரத்துக்குள் நுழைந்து முடித்தவர்களில் பெயித்தோன், செல்யூக்கஸ் இருவரும் பெரிய அதிகாரிகள். மூன்றாவது பெயர் ஆன்டிஜெனஸ். வீரப் போட்டியில் இரண்டாமிடம் வந்த அதே ஆன்டிஜெனஸ், அப்போது வெள்ளிக்கேடயப் படையின் தலைவன், சூசா பகுதிக்கு ஆளுநரும் ஆனான். பிரபு வீட்டில் பிறக்காதவன் ஒரு மகாபிரபுவைக் குத்தினான்!

ஆனால் முடிவு என்ன? சில வருஷத்தில் அவனுடைய ஆட்களே, எதிரி கையில் சிக்கிய பெண்டு பிள்ளைகளையும் மூட்டை முடிச்சையும் மீட்பதற்காகத் தங்கள் தளபதி யூமெனஸைப் பிடித்து ஆன்டிகோனஸிடம் ஒப்படைத்தார்கள். ஆன்டிகோனஸ் ஆன்டிஜெனஸைக் குழியில் போட்டு உயிரோடு எரித்தான். யூமெனஸும் தப்பவில்லை. அவன் கார்டியா ஊர்க் கிரேக்கன், எழுத்தர் வேலையிலிருந்து தளபதி ஆனவன். கடைசி வரை மாசிடோனியத் தளபதிகள் அவனைத் தங்களில் ஒருவனாக ஏற்கவே இல்லை. இதைக் கேட்டால் அல்லிராணி அக்கா கட்சிதான் ஜெயிக்கிறது என்று தோன்றும். ஆனாலும் ஆன்டிஜெனஸ் அவ்வளவு தூரம் ஏறியது பிலிப் காலத்தில் நடந்திருக்காது, அதை விட மாட்டேன்.

#14 கூடல்வாசகன்

பிலிப் காலத்தில் பார்மேனியனே எப்படி ஏறினார் என்று யாரும் சொல்லவில்லையே? ஏதென்ஸ்காரர்கள் வருஷத்துக்குப் பத்துத் தளபதிகளைத் தேடிப் பிடிக்கிறார்கள், எனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்தது ஒரே தளபதி, பார்மேனியன் என்று பிலிப் கிண்டலடித்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். அப்படிப்பட்டவரின் வம்சத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லையா?

#15 அல்லிராணி

ஆண் வழியில் வரலாற்றில் நிற்கும்படி ஒருவரும் இல்லை. பெண் வழியில் ஒரு துப்பு இருக்கிறது.

ஆன்டிபேட்டரின் மகன் கசாண்டர் மாசிடோனியாவுக்கு ராஜா ஆனபிறகு வெட்டிய நிலக்கொடைக் கல்வெட்டு ஒன்று கசாண்ட்ரேயா பக்கம் கிடைத்தது. பெறுபவன் பெயர் கோய்னஸின் மகன் பெர்டிக்கஸ். சினையா என்ற இடத்திலும் டிரபெசூஸிலும் உள்ள நிலங்கள், பிலிப் காலத்தில் அவனுடைய தாத்தா பொலெமோகிரேட்டஸும் அப்பாவும் பெற்றவை, பரம்பரைச் சொத்தாக அவனுக்கே உறுதி செய்யப்படுகின்றன. பொலெமோகிரேட்டஸ், கோய்னஸ் என்று பெயர் வரிசை அப்படியே பொருந்துகிறது, நம்ம கோய்னஸ் வீடே. மகனுக்குப் பெர்டிக்கஸ் என்று பெயர் வைத்ததையும் கவனியுங்கள்.

அந்தப் பையனின் அம்மா பார்மேனியனின் மகளாக இருந்தால், பிலிப் கொடுத்த நிலத்தைக் கசாண்டரிடம் மறுபடி எழுதி வாங்கியவன் பார்மேனியனின் பேரன். கோய்னஸுக்கு வேறு மனைவி இருந்ததாக எந்த நூலிலும் இல்லை. சாரிஸாக்காரன், உங்களிடம் அந்தக் கல்வெட்டின் முழு வாசகம் இருந்தால் போடுங்கள். ஸ்பார்டோலஸ் பக்கத்து நிலம் பற்றியும் அதில் ஒரு வரி வருகிறது, அதை விலைக்கு வாங்கியதாக.